பொது விவகாரங்களுக்கான யூதத் தலைமை மாநாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூத அமைப்புகள் தங்கள் தலைவர்களை ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டி, நாட்டின் பொது விவகாரங்களில் தங்கள் சமூகம் என்ன நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாக விவாதித்து முடிவெடுத்து வந்தன. அந்த மாநாடு எப்படித் தோன்றியது, எப்படி நடந்தது, இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்பவை குறித்து வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் இவை.

எந்த மாநாட்டைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

அமெரிக்க யூத அமைப்புகள் நடத்தும் மாநாடுகள் பல. சில இறையியலைப் பற்றியவை, சில நிதி திரட்டுவதற்கானவை, சில இஸ்ரேலுக்கு ஆதரவு தேடுபவை. இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வது, 1944இல் தேசியச் சமூக உறவு ஆலோசனை மன்றம் என்ற பெயரில் தொடங்கி, 1997இல் பொது விவகாரங்களுக்கான யூத மன்றம் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பின் ஆண்டுப் பேரவையை. ஒரே அமைப்பின் உறுப்பினர்கள் மட்டும் கூடிய கூட்டம் அல்ல இது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல அமைப்புகள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பி, ஒரே மேசையில் அமர்ந்து, கல்வி, குடியேற்றம், இன சமத்துவம், மதச் சுதந்திரம், வறுமை ஒழிப்பு, யூத வெறுப்பு ஆகிய அனைத்தையும் பேசிய இடம் இது. அந்தக் காரணத்தாலேயே மற்ற எல்லா மாநாடுகளையும்விட இதைப் பற்றி அறிந்துகொள்வது பயனுள்ளது.

இப்படி ஒரு பொது மேடை ஏன் தேவைப்பட்டது?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூதர்களுக்குக் குடியுரிமை என்று ஒன்று இருக்கவில்லை. அரசரிடமோ பிரபுவிடமோ ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், செல்வாக்குள்ள ஒருவர் சமூகத்தின் சார்பில் அரண்மனைக்குப் போய் மன்றாடுவார். ஷ்டாட்லான் என்று அழைக்கப்பட்ட அந்தத் தூதர் என்ன கேட்டார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது பெரும்பாலும் சாதாரண மக்களுக்குத் தெரியாமலே போய்விடும். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் ஓரளவு தொடர்ந்தது. ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது நடந்த படுகொலைத் தாக்குதல்களுக்குப் பின் 1906இல் தோன்றிய அமெரிக்க யூதக் குழுவின் தொடக்ககாலத் தலைவர்களான ஜேக்கப் ஷிஃப், லூயி மார்ஷல் போன்றோர், வங்கித் தொழிலிலும் வழக்கறிஞர் தொழிலிலும் உயர்ந்த நிலையில் இருந்தவர்கள். அதிகாரத்தில் இருப்பவர்களிடம் அமைதியாகப் பேசிக் காரியத்தை முடிப்பதே சிறந்தது என்று அவர்கள் நம்பினார்கள்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து தையல் தொழிற்கூடங்களில் உழைத்த லட்சக்கணக்கான யூதர்களுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. தங்கள் பெயரில் பேசுபவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், எதிர்ப்பைத் தெருவில் இறங்கித் தெரிவிக்க வேண்டும் என்று விரும்பியவர்களின் குரலாக அமெரிக்க யூதக் காங்கிரஸ் எழுந்தது. அவதூறு எதிர்ப்புக் கழகம் 1913இலும், தொழிற்சங்கங்களின் ஆதரவோடு யூதத் தொழிலாளர் குழு 1934இலும் தோன்றின. 1940களின் தொடக்கத்தில் இந்த நான்கு அமைப்புகளும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்தன. ஒரே நன்கொடையாளர்களிடம் தனித்தனியாகப் பணம் கேட்டன. ஐரோப்பாவில் யூத இனமே அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த இந்தப் போட்டி, ஊர்தோறும் நிதி திரட்டிக் கொடுத்துவந்த கூட்டமைப்புகளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. அவை கொடுத்த அழுத்தத்தின் விளைவுதான் 1944இல் பிறந்த ஆலோசனை மன்றம்.

மாநாட்டில் யார் கலந்துகொண்டார்கள்?

இரண்டு வகைப் பிரதிநிதிகள் வந்தார்கள். முதல் வகையினர் தேசிய அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். மேலே சொன்ன நான்கு அமைப்புகளோடு, 1893இல் தொடங்கிய யூதப் பெண்கள் தேசிய மன்றம், 1912இல் தொடங்கிய ஹடாசா என்ற பெண்கள் அமைப்பு, போர் வீரர்கள் சங்கம், சீர்திருத்தம், பழைமைப் போக்கு, வைதிகம் ஆகிய மூன்று பெரும் யூதச் சமயப் பிரிவுகளின் ஆலயச் (யூத வழிபாட்டு இல்லங்களின்) சங்கங்கள் ஆகியவை காலப்போக்கில் சேர்ந்தன. இரண்டாம் வகையினர் நகரங்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலான பெரிய நகரங்களில் யூதச் சமூக உறவுக் குழு என்ற ஒன்று உண்டு. அந்த நகரத்தின் ஆலயங்களும் சங்கங்களும் சேர்ந்து அமைக்கும் அந்தக் குழுதான் மேயரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும், தேவாலயங்களிடமும் மசூதிகளிடமும் சமூகத்தின் சார்பில் பேசும். 2010களில் பேரவையின் உறுப்பு அமைப்புகளில் தேசிய அமைப்புகள் 16 ஆகவும், உள்ளூர்க் குழுக்கள் சுமார் 125 ஆகவும் இருந்தன.

வந்தவர்களில் பெரும்பாலோர் முழுநேர அரசியல் பணியாளர்கள் அல்லர். மருத்துவர், ஆசிரியர், ஓய்வுபெற்ற நீதிபதி, கடை நடத்துபவர் என்று தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே சமூகப் பொறுப்பை ஏற்றவர்கள்தான் அதிகம். ஒஹாயோவின் ஒரு சிறு நகரக் குழுவின் தலைவரும் நியூயார்க்கின் பெரிய அமைப்பொன்றின் இயக்குநரும் ஒரே தீர்மானத்தைப் பற்றி எதிரெதிராகப் பேசலாம் என்பதே இந்த மேடையின் பலமாக இருந்தது.

ஒரு தீர்மானம் எப்படி உருவானது?

மாநாட்டின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உறுப்பு அமைப்பு ஒன்று, பெரும்பாலும் ஒரு நகரத்துக் குழு, ஒரு தீர்மானத்தின் வரைவை எழுதும். மாநாடு கூடுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்த வரைவு மற்ற அமைப்புகளுக்கு அனுப்பப்படும். ஒவ்வோர் ஊரிலும் குழு கூடி அதைப் படித்து, தங்கள் பிரதிநிதிக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பும், அல்லது கேட்டபின் முடிவெடுக்கும் உரிமையை அவருக்கே கொடுத்துவிடும். வரைவில் பெரிய முரண்பாடு தெரிந்தால், மாநாட்டுக்கு முன்பே எழுதியவர்களும் எதிர்ப்பவர்களும் தொலைபேசியில் பேசிச் சொற்களைத் திருத்துவார்கள்.

மாநாட்டு அரங்கில் தலைவர் வரைவை எடுத்துக்கொண்டதும் ஒலிவாங்கிகளுக்குப் பின்னால் வரிசை நீளும். விவாதத்தின் பெரும்பகுதி தீர்மானத்தின் உட்கருத்தைப் பற்றி இருப்பதில்லை என்பது புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். ‘கண்டிக்கிறோம்’ என்று எழுதுவதா, ‘கவலை தெரிவிக்கிறோம்’ என்று எழுதுவதா என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். ‘எல்லா அகதிகளும்’ என்ற சொற்களுக்கு முன்னால் ‘உரிய பாதுகாப்புச் சோதனைக்குப் பின்’ என்று சேர்க்கச் சொல்லி ஒருவர் திருத்தம் கொண்டுவருவார். அப்படிச் சேர்ப்பது அகதிகளைச் சந்தேகத்துக்குரியவர்களாகக் காட்டும் என்று இன்னொருவர் மறுப்பார். இதை வெட்டிப் பேச்சு என்று நினைப்பது தவறு. அந்தச் சொற்களை நாளை தன் ஊர்ப் பத்திரிகையாளரிடமும், தன் ஆலயத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியவர் அந்தப் பிரதிநிதிதான். சமூகத்தைப் பிளவுபடுத்தாத சொல்லை அங்கேயே தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை.

வாக்கெடுப்பில் நிறைவேறிய நிலைப்பாடுகளும், ஆண்டின் முன்னுரிமைகளும் பல பத்தாண்டுகளாக ‘கூட்டுச் செயல்திட்டம்’ என்ற ஆண்டு வெளியீடாக அச்சாயின. அது வழிகாட்டியாகவே இருந்தது. எந்த உறுப்பு அமைப்பையும் அதன் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தவில்லை.

எல்லோரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

மாறுபட்டவர்கள் தங்கள் மறுப்பை எழுதிக் கொடுப்பார்கள். அது பெரும்பான்மை நிலைப்பாட்டோடு சேர்த்தே அச்சிடப்படும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மதப் பள்ளிகளுக்கான அரசு உதவி. அரசுப் பணம் மதப் பள்ளிகளுக்குப் போவது அரசையும் மதத்தையும் பிரிக்கும் சுவரை இடிப்பதாகும் என்பது பெரும்பாலான உறுப்பு அமைப்புகளின் கருத்து. தங்கள் பிள்ளைகளை யூதப் பள்ளிகளில் படிக்க வைக்கும் வைதிகக் குடும்பங்களுக்கோ கல்விக் கட்டணம் முதுகை முறிக்கும் சுமை. ஆகவே வைதிக ஆலயச் சங்கம் இந்த விஷயத்தில் விடாமல் எதிர்க்குறிப்பு எழுதியது. மதப் பள்ளிக் கட்டணத்துக்கும் அரசுப் பணம் தரும் கிளீவ்லாந்து நகரத்தின் பள்ளி உதவிச் சீட்டுத் திட்டம் செல்லும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, யூதச் சமூகத்தின் ஒரு பகுதி வருந்தியது, இன்னொரு பகுதி வரவேற்றது.

எதிர்க்குறிப்பைப் பதிவு செய்யும் பழக்கம் யூத மரபுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சட்டம் பெரும்பான்மையின்படியே அமைந்தாலும் தனியொருவரின் மாற்றுக் கருத்தும் ஏன் எழுதி வைக்கப்படுகிறது என்ற கேள்வி எழுகிறது. பிற்காலத்தில் வரும் ஒரு நீதிமன்றம் அந்தக் கருத்தைச் சரியென்று கண்டால் அதைச் சார்ந்து நிற்க முடிய வேண்டும் என்பதே அங்கே சொல்லப்படும் விடை. இந்த மாநாடு அந்த மனநிலையைத்தான் நவீன அமைப்பு ஒன்றின் விதியாக்கியது. தோற்றவரின் வாதத்தை வென்றவரின் செலவில் அச்சிடுவது எளிய காரியமல்ல. பொது வாழ்க்கையில் இதைவிட நாகரிகமான ஏற்பாட்டைக் காண்பது அரிது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் எல்லாப் பிளவும் குறிப்போடு முடிந்துவிடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் மக்கைவர் 1951இல் அளித்த அறிக்கை, ஒவ்வோர் அமைப்புக்கும் குறிப்பிட்ட துறைகளைப் பிரித்துக் கொடுத்து, மன்றமே திட்டமிடலை ஒருங்கிணைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தங்கள் தன்னாட்சி போய்விடும் என்று அஞ்சிய அமெரிக்க யூதக் குழுவும் அவதூறு எதிர்ப்புக் கழகமும் 1952இல் மன்றத்தை விட்டு வெளியேறின. 1960களின் நடுப்பகுதியில்தான் அவை திரும்பி வந்தன.

யூதர்களைப் பாதிக்கும் விஷயங்கள் மட்டும்தான் பேசப்பட்டனவா?

இல்லை. ஒரு சிறுபான்மைக்கு உரிமை மறுக்கப்படும் நாட்டில் இன்னொரு சிறுபான்மை பாதுகாப்பாக வாழ முடியாது என்பதுதான் மன்றத்தின் அடிப்படை நம்பிக்கை. மன்றத்தின் செயல்திட்ட இயக்குநராக நெடுங்காலம் பணியாற்றிய ஆர்னல்ட் அரன்சன், கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், கறுப்பின உரிமைத் தலைவர் ராய் வில்கின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1950இல் குடிமை உரிமைகளுக்கான தலைமை மாநாடு என்ற கூட்டணியைத் தோற்றுவித்தார். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ஆதரவு திரட்டியது அந்தக் கூட்டணிதான். மேடையில் தோன்றாமல் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் கவனித்துக்கொண்ட செயலாளர் அரன்சன். அவருக்கு 1998இல் அதிபர் கிளின்டன் சுதந்திரப் பதக்கம் வழங்கினார். அவரைப் போன்றவர்களின் பெயர் வரலாற்றுப் பாடத்தில் வராமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சற்று முன்பாகப் பேசியவர் அமெரிக்க யூதக் காங்கிரசின் தலைவரும் ரபியுமான (யூத சமயகுரு) யோவாகிம் பிரின்ஸ். ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் ரபியாக இருந்தவர் அவர். வெறுப்பைவிடவும் கொடியது மௌனம் என்று தன் அனுபவத்திலிருந்து அவர் அங்கே எடுத்துரைத்தார்.

குடியேற்றச் சட்டமும் இந்த மன்றத்தின் நெடுங்காலக் கவலை. பிறந்த நாட்டைப் பார்த்து அனுமதி வழங்கிய 1924ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டு முறை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குக் கதவை அடைத்தது. ஆசியர்களுக்கோ அநேகமாக முழுவதுமாகவே அடைத்தது. 1946க்குப் பிறகும் இந்தியர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 இடங்கள்தான். அந்த முறையை ஒழிக்க யூத அமைப்புகள் பல பத்தாண்டுகள் போராடின. புரூக்ளினைச் சேர்ந்த யூதரான நாடாளுமன்ற உறுப்பினர் இம்மானுவேல் செல்லரின் பெயரைத் தாங்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. இன்று அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சட்டம் திறந்த கதவின் வழியாகச் சென்றவை.

பள்ளிகளில் பிரார்த்தனை வேண்டாம் என்று ஒரு சமய அமைப்பே சொன்னது ஏன்?

நியூயார்க் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் சொல்லும்படி அதிகாரிகள் 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையை எழுதிக் கொடுத்தார்கள். எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் அமெரிக்க ஆலயங்களின் பொது மன்றத்தோடு சேர்ந்து ஆலோசனை மன்றமும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தன் வாதத்தை முன்வைத்தது. கடவுளை எப்படி அழைப்பது என்பதை அரசு அதிகாரி எழுதிக் கொடுக்கத் தொடங்கினால், அது சிறுபான்மையின் நம்பிக்கையை மட்டுமல்லாமல் நம்பிக்கையையே சிறுமைப்படுத்தும் என்பது அவர்கள் வாதம். 1962 ஜூன் 25இல் நீதிமன்றம் அந்தப் பிரார்த்தனை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்திப்பது எப்படி நடக்கிறது?

இத்தகைய மாநாடுகள் வாஷிங்டனில் நடக்கும்போது ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்கப்படும். ஒரே மாநிலத்திலிருந்து வந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, காலையில் விடுதியில் பயிற்சி பெற்றபின் நாடாளுமன்றம் அமைந்துள்ள கேபிட்டல் குன்றுக்குப் போவார்கள். பாதுகாப்பு வாயிலைக் கடந்து, நீண்ட பளிங்குத் தாழ்வாரத்தில் அறை எண்ணைத் தேடிக்கொண்டே, யார் தொடங்குவது, யார் கோரிக்கையைச் சொல்வது, யார் குறிப்பெடுப்பது என்று கடைசி முறையாக முடிவு செய்துகொள்வார்கள். உள்ளே பெரும்பாலும் செனட்டர் இருக்க மாட்டார். இருபது சொச்சம் வயதுள்ள ஓர் உதவியாளர் கையில் குறிப்பேட்டோடு வரவேற்பார். அறை காலியில்லை என்றால் தாழ்வாரத்திலேயே நின்று பேச வேண்டியதுதான். இதைக் கண்டு மனம் தளரக் கூடாது என்று பழகியவர்கள் சொல்வார்கள், ஏனெனில் மசோதாவின் உட்பிரிவுகளைப் படித்துச் செனட்டருக்கு ஆலோசனை சொல்பவர் அந்த இளைஞர்தான்.

கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடங்கள். முதலில் நன்றி; பிறகு தங்கள் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சி; பிறகு எண்ணோடு குறிப்பிடப்படும் மசோதாவைப் பற்றிய தெளிவான ஒரே கோரிக்கை. புள்ளிவிவரம் ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கும். தன் தொகுதியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் உணவுத் திட்டம் குறைந்ததால் யார் பட்டினி கிடந்தார் என்பது அங்கிருந்து வந்தவருக்கு மட்டும்தான் தெரியும். புறப்படும்போது ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பிய வாரத்திலேயே கடிதம் எழுத வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிடுபவர்களே அதிகம். உறவு வளர்வதோ அதில்தான்.

இதுவும் ஐபாக் அமைப்பும் ஒன்றா?

ஒன்றல்ல. இரண்டின் பெயரிலும் ‘பொது விவகாரங்கள்’ என்ற சொற்கள் வருவதால் குழப்பம் உண்டாகிறது. ஐபாக் 1950களில் தோன்றிய, அமெரிக்க–இஸ்ரேல் உறவு ஒன்றையே குறிக்கோளாகக் கொண்ட ஆதரவு திரட்டும் அமைப்பு. அதன் ஆண்டு மாநாட்டுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் வந்தார்கள். அங்கே நடந்தவை பெரும்பாலும் உரைகள்தான். இங்கே நாம் பேசும் பேரவையோ சில நூறு பிரதிநிதிகள் வாதாடி வாக்களித்த இடம். இஸ்ரேலின் பாதுகாப்பு இங்கேயும் முக்கியமான பொருளாக இருந்தது. இரு நாட்டுத் தீர்வுக்கு ஆதரவான தீர்மானங்களும் கடும் விவாதத்துக்குப் பின் நிறைவேறியிருக்கின்றன.

தேர்தலில் ஒரு வேட்பாளரை இந்த அமைப்புகள் ஆதரிக்கலாமா?

வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று 1954இல் சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவு சொல்கிறது. ஒரு மசோதாவை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ வேறு விஷயம். செலவில் ஒரு வரம்புக்குள் அதைச் செய்யலாம். ஆகவே மாநாட்டு மேடையில் இரு கட்சிகளின் உறுப்பினர்களுக்கும் இடம் கொடுப்பதை அமைப்பாளர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

சோவியத் யூதர்களுக்கான போராட்டத்தில் இந்த அமைப்பின் பங்கு என்ன?

சோவியத் ஒன்றியத்தில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் மொழியையும் சமயத்தையும் கற்கவோ நாட்டை விட்டு வெளியேறவோ முடியாத நிலையில் இருந்தார்கள். வெளியேற விண்ணப்பித்தவர்கள் வேலையை இழந்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்காகத் தனி அமைப்புகள் தோன்றியபோதும், ஊர்தோறும் செய்தியைக் கொண்டுசேர்க்கும் வேலை மன்றத்தின் உள்ளூர்க் குழுக்களிடமே இருந்தது. குடிமக்கள் வெளியேறும் உரிமையை மறுக்கும் நாடுகளுக்கு வணிகச் சலுகை இல்லை என்ற ஜாக்சன்–வானிக் திருத்தம் 1975 ஜனவரியில் சட்டமானது. 1987 டிசம்பர் 6ஆம் தேதி, சோவியத் தலைவர் கோர்பச்சேவ் வாஷிங்டன் வருவதற்கு முந்தைய நாள், சுமார் 2.5 லட்சம் பேர் தலைநகரில் திரண்டார்கள். குளிரில் பேருந்துகளில் வந்திறங்கிய அந்தக் கூட்டத்தை நகரம் நகரமாக ஒருங்கிணைக்க முடிந்ததற்கு, அதற்கு முன் பல ஆண்டுகள் ஒன்றாக அமர்ந்து வாதாடிப் பழகியிருந்ததே காரணம்.

அண்மை ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட கோரிக்கை எது?

ஆலயப் பாதுகாப்பு. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ ஆலயத்தில், ஓய்வுநாள் வழிபாட்டுக்கு வந்திருந்த 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் கலிபோர்னியாவின் போவே நகரிலும், 2022 ஜனவரியில் டெக்சாசின் காலிவில் நகரிலும் ஆலயங்கள் தாக்கப்பட்டன. கண்காணிப்புக் கருவி, உறுதியான கதவு, காவலர் ஆகியவற்றுக்கு நிதி தரும் கூட்டாட்சி அரசின் மானியத் திட்டம் 2005ஆம் நிதியாண்டில் 2.5 கோடி டாலருடன் தொடங்கியது. 2023இல் அது 30.5 கோடி டாலராகவும், ஒரு தளத்துக்கு 1.5 லட்சம் டாலர் வரையாகவும் இருந்தது. கோயிலுக்கும் மசூதிக்கும் குருத்துவாராவுக்கும் தேவாலயத்துக்கும் இந்த நிதி பொதுவானது. 2012இல் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்துவாராவில் நடந்த படுகொலையை மறக்காதவர்களுக்கு அந்தப் பொதுமை எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

ஓய்வுநாளும் உணவு விதிகளும் மாநாட்டில் எப்படிக் கவனிக்கப்படுகின்றன?

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால் கூட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு தொடங்கிச் செவ்வாய் முடியும்படி அமைக்கப்படும். உணவு கோஷர் எனப்படும் யூத சமய உணவு விதிப்படி இருக்கும். விதியைக் கடைப்பிடிக்காதவர்களும் அதையே உண்பார்கள், அப்போதுதான் எல்லோரும் ஒரே பந்தியில் அமர முடியும். வழிபாட்டு முறையில்தான் பிரிவுகளுக்குள் வேறுபாடு அதிகம் என்பதால், காலை வழிபாடுகள் தனித்தனி அறைகளில் நடப்பது வழக்கம்.

2022இல் என்ன மாறியது?

நீண்டகாலமாகவே நிதி கொடுத்துவந்த கூட்டமைப்புகளுக்கும் மன்றத்துக்கும் இடையே உரசல் இருந்தது. இனநீதி, வாக்குரிமை போன்றவற்றில் மன்றம் ஒரு பக்கம் சாய்கிறது என்று சில நன்கொடையாளர்கள் கருதினார்கள். எல்லோருடைய ஒப்புதலுக்கும் காத்திருந்தால் அவசரமான நேரத்தில் வாய் திறக்கவே முடியாது என்று வேறு சிலர் வருந்தினார்கள். 2022 டிசம்பரில் மன்றம் கூட்டமைப்புகளிடமிருந்து பிரிந்து தனி அமைப்பாக இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. தேசிய அமைப்புகளும் உள்ளூர்க் குழுக்களும் சேர்ந்து மன்றத்தை ஆளும் பழைய முறை அதோடு முடிந்தது. 2023இல் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஏமி ஸ்பிடல்நிக், 2017இல் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் நடத்திய வன்முறைக்கு எதிரான குடிமை வழக்கை முன்னின்று நடத்திய அமைப்பின் தலைவராக இருந்தவர்.

இந்த மாற்றத்தால் மன்றத்துக்கு வேகம் கூடியிருக்கிறது. ஜனநாயகத்தைப் பற்றியும் யூத வெறுப்பைப் பற்றியும் தயக்கமின்றிப் பேச முடிகிறது. அந்த வாதத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் தன்னோடு உடன்படாதவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது பெரிய இழப்பு. உடன்படுபவர்கள் மட்டும் கூடும் கூட்டத்தை எந்தச் சமூகமும் எளிதில் நடத்திவிட முடியும்.

இப்போதும் நடக்கும் இதுபோன்ற மாநாடுகள் உண்டா?

உண்டு. அமெரிக்க யூதக் குழு உலக அளவிலான ஆண்டு மாநாட்டை நடத்துகிறது. வைதிக ஆலயச் சங்கம் தன் தலைவர்களை வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்கிறது. சீர்திருத்தப் பிரிவின் சமய நடவடிக்கை மையம் ‘மனசாட்சி ஆலோசனை’ என்ற மாநாட்டை நெடுங்காலமாக நடத்திவருகிறது. 1961இல் தொடங்கிய அந்த மையத்தின் கட்டடம், பாஸ்டன் தொழிலதிபர் கிவி கப்லான் கொடுத்த நன்கொடையில் வாஷிங்டனின் மாசசூசெட்ஸ் அவென்யூவில் அமைந்தது. குடிமை உரிமைக் கூட்டணி கூடிய அதன் கூட்ட அறையில்தான் 1964, 1965ஆம் ஆண்டுச் சட்டங்களின் பகுதிகள் வரையப்பட்டன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் அந்த மையம் வார இறுதிப் பயிற்சி நடத்துகிறது; தாங்களே எழுதிய உரையோடு மாணவர்கள் காங்கிரஸ் அலுவலகங்களுக்குப் போகிறார்கள்.

பழைய பேரவையின் விவாதங்களையும் நிலைப்பாடுகளையும் எங்கே படிக்கலாம்?

மன்றத்தின் ஆவணங்கள் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க யூத வரலாற்றுக் கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. ஆய்வு செய்ய விரும்புபவர்கள் ஆண்டுதோறும் வந்த கூட்டுச் செயல்திட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே பொருளை, எடுத்துக்காட்டாக மதப் பள்ளி உதவியையோ குடியேற்றத்தையோ, 10, 15 ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். தீர்மானத்தின் வாசகத்தோடு நின்றுவிடாமல், எந்த அமைப்பு எந்த ஆண்டில் எதிர்க்குறிப்பு எழுதத் தொடங்கியது, எந்த ஆண்டில் நிறுத்தியது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.